பத்து ரவுண்டு ஓடியும் ஸ்பீடு ஏறாதது ஏன்? 100 மீட்டர் ஓட்டத்துக்கு ஓர் எளிய விளக்கம்

வேலூரில் விடிகாலை ஐந்தரை மணிக்கு எந்த மைதானத்துக்குப் போனாலும் இரண்டு கூட்டம் இருக்கும். சர்க்கரைக்காக நடப்பவர்கள் ஓரத்தில். நடுவில் போலீஸ் செலக்‌ஷனுக்கும் பட்டாளத்துக்கும் தயாராகும் பையன்களும் பெண்களும். கம்மவான்பேட்டை மாதிரி, பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பேர் வாங்கிய ஊர்கள் இருக்கும் பக்கம் இது. ஓட்டம் இங்கே பலருக்குச் சோற்றுக்கு வழி.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன், சத்துவாச்சாரிக்காரன், இருபது வயதிருக்கும். ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்தான். "இன்னாண்ணா இது, டெய்லி பத்து ரவுண்டு ஓடறேன். நூறு மீட்டர் டைம் மட்டும் குறையவே மாட்டேன்து."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் படிக்கும்போது இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அப்போது எங்களை ஓட வைத்தவரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் இருந்தது: இன்னும் நாலு ரவுண்டு. ஒரு வருஷம் அதைச் சாப்பிட்டேன். 1500 மீட்டரில் நன்றாகவே முன்னேறினேன். 100 மீட்டரில் அதே இடம், அதே டைம்.

ஸ்பீடு, தம், ஸ்டார்ட்டிங், ஸ்டெப் என்று மைதானத்தில் நிறையச் சொற்கள் புழங்குகின்றன. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுவதால்தான் இந்தக் குழப்பம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயம்

காட்பாடி ஜங்ஷன் நடைமேடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மெமு ரயில் கிளம்பினால் சட்டென்று வேகம் பிடித்துப் போய்விடும். இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை இழுக்கும் எக்ஸ்பிரஸ் ஆடி அசைந்துதான் நகரும். ஆனால் ஊரைத் தாண்டி முழு வேகம் எடுத்துவிட்டால் எக்ஸ்பிரஸை மெமு பிடிக்க முடியாது. இப்போது "எது ஸ்பீடு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வேகம் எவ்வளவு சீக்கிரம் கூடுகிறது என்பது முடுக்கம். கூடிக் கூடி, இதற்கு மேல் முடியாது என்று நிற்கும் அளவு உச்ச வேகம். நாம் "ஸ்பீடு" என்று சொல்வதில் இரண்டும் கலந்திருக்கின்றன.

நம் பக்கத்துக் காளை விடும் விழா பார்த்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த வினாடியில் கடக்கும் மாட்டுக்குத்தான் பரிசு. சில மாடு அவிழ்த்துவிட்டதும் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி பாயும், பாதித் தெருவில் சோர்ந்துவிடும். சில மாடு நிதானமாகத் தொடங்கி, தெருவின் நடுவே பறக்கும். அனுபவப்பட்ட மாட்டுக்காரர் இரண்டையும் ஒன்றாகப் பேசமாட்டார்.

மனிதனுக்கு வருவோம். உசேன் போல்ட் 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். அந்த ஓட்டத்தை 20 மீட்டர் துண்டுகளாக வெட்டி அளந்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 வினாடி, துப்பாக்கிச் சத்தம் கேட்டு உடம்பு அசைய எடுத்த நேரமும் இதில் அடக்கம். அடுத்த 20-க்கு 1.75. அதற்கடுத்து 1.67. பிறகு 60-லிருந்து 80 மீட்டர் வரை 1.61, மணிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 44.7 கிலோமீட்டர். கடைசி 20-க்கு 1.66.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். போல்ட்டே இறங்குகிறார். "கடைசில ஸ்பீடு எடுத்து முந்திட்டான்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் கண்ணின் ஏமாற்று. பக்கத்து பஸ் பிரேக் போட்டால் நம் பஸ் வேகமெடுத்த மாதிரி தோன்றுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. எல்லோரும் வேகம் இழந்துகொண்டிருக்கிறார்கள்; ஜெயிப்பவர் குறைவாக இழக்கிறார். இதற்கு வேகத் தாக்குப்பிடிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று: போல்ட்டுக்கு உச்ச வேகம் 60 மீட்டருக்கு மேல்தான் வருகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு 30, 40 மீட்டரிலேயே வந்துவிடும். முடுக்கிக்கொண்டே போகும் திறன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

சுருக்கமாக, 100 மீட்டர் என்பது மூன்று வேலை: முடுக்கம், உச்ச வேகம், தாக்குப்பிடிப்பு. பத்து ரவுண்டு ஓட்டம் இந்த மூன்றில் எதையும் நேராகத் தொடுவதில்லை. அது வளர்ப்பது நீண்ட நேரம் ஓடும் தம்மை.

டயர் ஓட்டிய கைக்குத் தெரிந்தது

சரி, வேகம் எங்கிருந்து வருகிறது? "காலை வேகமா போடு" என்பார்கள். இதுதான் மைதானத்தில் அதிகம் கேட்கும் அறிவுரை, அதிகம் கெடுக்கும் அறிவுரையும்.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களைக் கேளுங்கள். நடுக் கிணற்றில் எவ்வளவு காலை உதறினாலும் உடம்பு கொஞ்சம்தான் நகரும். சுவரில் கால் வைத்து ஓர் உதை உதைத்தால் எதிர்ச்சுவர் பக்கம் போய்விடலாம். சுவரை நாம் தள்ளினோம், சுவர் நம்மைத் தள்ளியது. நியூட்டனின் மூன்றாம் விதி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இதைத்தான். ஓட்டத்தில் சுவருக்குப் பதில் தரை. கால் தரையைத் தள்ளும்போது தரை திருப்பித் தருவது தரை எதிர்விசை. நம்மை முன்னே கொண்டுபோவது அதுதான். கால் காற்றில் இருக்கும்போது எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அதனால் உடம்புக்கு வேகம் கூடாது.

2000-ஆம் ஆண்டில் பீட்டர் வேயண்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெவ்வேறு வேகக்காரர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு இதை அளந்தார்கள். பின்னால் போன காலை முன்னால் கொண்டுவந்து மறுபடி தரையில் வைக்க, உச்ச வேகத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆனது. வேகமாக ஓடுபவர்கள் வேறுபட்டது தரையில் கொடுத்த விசையில். தங்கள் எடைக்கு ஏற்ற அளவில் அவர்கள் இன்னும் பலமாகத் தரையை அடித்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளப் பழைய சைக்கிள் டயர் போதும். சின்ன வயதில் குச்சியால் தட்டித் தட்டி டயர் ஓட்டியிருப்பீர்கள். நிற்கும் டயரை நகர்த்த என்ன செய்வோம்? கையை வைத்து அழுத்தி, நீளமாக ஒரு தள்ளு. டயர் உருளத் தொடங்கியபிறகு அந்த மாதிரி கையை வைத்து அழுத்தினால் டயர் ஆடி விழுந்துவிடும். அப்போது சுருக்கென்று ஒரு தட்டு, உடனே குச்சியை எடுத்துவிட வேண்டும். டயர் எவ்வளவு வேகமாகப் போகிறதோ, தட்டுவதற்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவு குறைவு. ஆனால் தட்டில் பலம் குறையக் கூடாது.

ஓட்டத்தில் நம் பாதம்தான் குச்சி. ஒவ்வோர் எட்டிலும், அதாவது ஸ்டெப்பிலும், பாதம் தரையில் இருக்கும் நேரத்துக்குத் தரைத் தொடர்பு நேரம் என்று பெயர். கிளம்பும்போது முதல் எட்டில் அது ஏறக்குறைய 0.2 வினாடி. நல்ல ஓட்டக்காரர் உச்ச வேகத்தில் இருக்கும்போது 0.1 வினாடிக்கும் கீழே. அந்தக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் உடம்பின் எடையைப்போலப் பல மடங்கு விசையைத் தரைக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஆக, முடுக்கத்துக்கு நீளமான தள்ளு. உச்ச வேகத்துக்குச் சுருக்கான, பலமான தட்டு. இரண்டும் இரண்டு திறமை. ஒருவரிடம் ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். இது மட்டும் மனதில் நின்றால் கீழே வரும் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதல் 30 மீட்டர்: தள்ளுவண்டிக்காரரின் உடம்பு

காட்பாடி மேம்பாலத்தில் வெங்காய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுபவரைப் பார்த்திருக்கிறீர்களா? குதிகாலிலிருந்து தலை வரை உடம்பு ஒரே கோடாகச் சாய்ந்திருக்கும். பாதம் எப்போதும் உடம்புக்குப் பின்னால். அவர் நிமிர்ந்து நின்று தள்ளினால் பலம் எல்லாம் கீழே போகும், வண்டி நகராது. சாய்ந்தால்தான் கால் தரையைப் பின்னோக்கித் தள்ளும்.

கிளம்பும்போது நம் உடம்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே வண்டி நம் எடையேதான்.

இதைச் சொன்னதும் எல்லோரும் இடுப்பை மடித்துக் குனிவார்கள். அது சாய்வு இல்லை, குனிவு. குனிந்தால் பின்புறம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், காலின் பலம் இடுப்பிலேயே தங்கிவிடும். சாய்வு கணுக்காலிலிருந்து வர வேண்டும். பழக ஒரு சுலபமான வழி: இரண்டு காலையும் சேர்த்து நின்று, உடம்பை மடிக்காமல் மரம் சாய்வது மாதிரி முன்னால் சாயுங்கள். இனி விழுந்துவிடுவோம் என்ற நொடியில் ஓடத் தொடங்கி 10, 15 மீட்டர் போங்கள். விழாமலிருக்கக் கால் தானாகச் சரியான இடத்தில் விழும். எந்த வாத்தியாரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை இந்தச் சாய்வு சொல்லிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது தவறு, இரண்டாம் எட்டிலேயே நிமிர்ந்துவிடுவது. பக்கத்தில் யார் வருகிறார் என்று பார்க்கும் ஆசைதான் பாதி நேரம் காரணம். தலை தூக்கினால் நெஞ்சு தூக்கும், நெஞ்சு தூக்கினால் தள்ளு முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, பதினைந்து இருபது மீட்டரில் உடம்பு தானாக எழுந்து வரட்டும்.

மூன்றாவது, முதல் எட்டையே எட்டிப் போடுவது. பெரிய எட்டு வைத்தால் பெரிய தூரம் என்று கணக்கு. ஆனால் உடம்புக்கு முன்னால் போய் விழும் கால் பிரேக்தான். முதல் எட்டு சின்னதாக, அடுத்தது கொஞ்சம் பெரியதாக என்று தானே வளர வேண்டும்.

கைகளையும் மறக்கக் கூடாது. முழங்கையைப் பின்னால் பலமாக இழுத்தால் எதிர்க்காலுக்குப் பலம் சேரும். ஸ்டார்ட்டிங் பிளாக் (கிளம்பும்போது கால் ஊன்றும் கட்டை) இல்லாதவர்கள் ஒரு கையைத் தரையில் ஊன்றி, பலமான காலை முன்னால் வைத்துக் கிளம்பிப் பழகினால் போதும். விசில் சத்தத்துக்கு எவ்வளவு சீக்கிரம் அசைகிறோம் என்பதற்கு நம் ஆட்கள் கொடுக்கும் முக்கியத்துவம் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உலகப் போட்டிகளிலேயே 0.1 வினாடிக்குள் அசைந்தால் ஃபவுல். அதில் மிச்சம் பிடிக்கக்கூடியது வினாடியில் நூறில் சில பங்குதான். முதல் பத்து எட்டில் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு.

நிமிர்ந்த பிறகு: காற்றுள்ள பந்து

காற்று இறங்கிய கால்பந்தைக் கீழே போட்டால் தொப்பென்று உட்கார்ந்துவிடும். காற்றடித்த பந்து டக்கென்று எழும்பும். கீழே விழுந்த வேகம் ஒன்றுதான். பந்தின் விறைப்பு வேறு.

முழு வேகத்தில் கணுக்கால் காற்றடித்த பந்தாக இருக்க வேண்டும். கெண்டைக்கால் சதையை எலும்போடு சேர்க்கும் கயிறு போன்ற பகுதிக்குத் தசைநாண் என்று பெயர். பேச்சில் குதிகால் நரம்பு என்போம். அது ஒரு ரப்பர் பட்டை மாதிரி. பாதம் விழும்போது இழுபட்டு, உடனே சுருங்கித் திருப்பித் தரும். கணுக்கால் தளர்ந்து, குதிகால் கீழே தொட்டு, முழங்கால் மடங்கினால் அந்த ரப்பர் வேலை செய்யாது. தொப்.

இதற்கு ஸ்கிப்பிங் கயிறு நல்ல மருந்து. முழங்காலை மடக்காமல், கணுக்காலால் மட்டும் சின்னச் சின்னதாகக் குதிப்பதும்.

பாதம் எங்கே விழுகிறது என்பது அடுத்த விஷயம். இடுப்புக்கு நேர் கீழே, அல்லது மிகக் கொஞ்சம் முன்னால். காலை நீட்டி எட்டிப் பிடிக்கப் பார்த்தால் இங்கேயும் பிரேக். போல்ட் பெர்லினில் 100 மீட்டரை ஏறக்குறைய 41 எட்டில் முடித்தார் என்று படித்துவிட்டு, நம் பையன்கள் எட்டை நீட்டப் பார்க்கிறார்கள். அவர் உயரம் ஏறக்குறைய ஆறரை அடி. அதற்கும் மேலாக, அவர் எட்டு நீளமானது தரையை அடித்த பலத்தால். பலம் வந்தால் எட்டு தானே நீளும்.

அப்புறம் முகம். பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க ஓடுவதை முயற்சி என்று நினைக்கிறோம். தேவையில்லாத தசை இறுகினால் தேவையான தசை சுதந்திரமாக வேலை செய்யாது. தாடை தளர்ந்திருக்கட்டும்.

தெருக்குழாயும் சின்னக் குடமும்

இனி சொல்வதுதான் அந்தப் பையன் நம்ப மறுத்தது. ஓய்வு.

தசைக்குள் உடனடிச் செலவுக்கென்று கொஞ்சம் சக்தி சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது. கிரியேட்டின் பாஸ்பேட் என்று அதன் பெயர். ஒரு சின்னக் குடம் தண்ணீர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வரும், முழு வேக ஓட்டத்துக்கு அதுதான் தேவை. ஆனால் சில வினாடிகளில் பெரும்பாலும் காலி. திரும்ப நிரப்புவது நம் தெருக்குழாய் மாதிரி ஒரு மெல்லிய ஒழுக்கு. வேலூர்க்காரர்களுக்குக் குடத்தை வைத்துக் காத்திருப்பது புதிதா என்ன? முக்கால்வாசிக்கு மேல் நிரம்பவே சில நிமிடம் ஆகும்.

நிரம்புவதற்குள் அடுத்த ஓட்டம் ஓடினால் என்ன ஆகும்? ஓடலாம். ஆனால் அது முழு வேகமாக இருக்காது. மூச்சு வாங்கும், வியர்வை ஊற்றும், தொடை எரியும், நல்ல பயிற்சி செய்த திருப்தியும் இருக்கும். உடம்பு கற்றுக்கொள்வதோ களைப்பில் மெதுவாக ஓடுவது எப்படி என்பதைத்தான். வேகம் என்பது பாதி பலம், பாதி நரம்பின் பழக்கம். எந்தத் தசையை எந்த நொடியில் முடுக்குவது, எதைத் தளர்த்துவது என்று மூளை கற்க வேண்டும். களைத்த உடம்பில் அந்தப் பாடம் ஏறாது.

மைதானத்தில் புழங்கும் ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கும்: முழு வேகத்தில் ஓடும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு. 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம். முதல் நாள் இதைச் சொன்னபோது பையன் சுற்றும் முற்றும் பார்த்தான். "சும்மா நிக்கிறோம்னு நெனைப்பாங்கண்ணா." நினைக்கட்டும்.

வெயிலும் கணக்கில் வரும். ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது. ஏழு மணிக்கு மேல் மைதானத்தில் வேகப் பயிற்சி செய்வது வீண்.

இதுவரை சொன்னதில் கையோடு வைத்துக்கொள்ள: சாய்ந்து நீளமாகத் தள்ளு, நிமிர்ந்தபின் விறைப்பாகத் தட்டு, குடம் நிரம்பும்வரை நில்.

மணல், ஏணி, பாராசூட், டயர்

பாலாற்று மணலில் ஓடினால் ஸ்பீடு வரும் என்பது இங்கே பரம்பரை நம்பிக்கை. மணலில் ஓடிவிட்டுக் கட்டாந்தரையில் ஓடினால் கால் லேசாக இருப்பது மாதிரி தோன்றும், அதனால் வந்த நம்பிக்கை. மணல் நம் தள்ளில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கிறது. பாதம் அதிக நேரம் தரையில் இருக்கும். சுருக்கென்று தட்டும் பழக்கத்துக்கு இது நேர் எதிர். கால் பலத்துக்கும், மூட்டுக்கு அதிர்ச்சி குறைவாக இருக்கவும் எப்போதாவது ஓடலாம். உச்ச வேகத்துக்கு அங்கே போக வேண்டாம்.

தரையில் ஏணி விரித்துக் காலைப் படபடவென்று போடுவது கைபேசியில் பார்க்க நன்றாக இருக்கும். ஏணியில் கால் போடுவதில் கெட்டிக்காரராகலாம். ஓட்டத்துக்கு அதனால் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே யாரும் தரையைப் பலமாக அடிப்பதில்லை. பாராசூட் கட்டி ஓடுவதற்குச் செலவழிக்கும் காசுக்கு நல்ல ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) வாங்கலாம்.

மேடு நல்லது. லேசான ஏற்றத்தில் 15, 20 மீட்டர் முழு பலத்தோடு ஓடினால் உடம்பு தானாகச் சாயும், எட்டிப் போட முடியாது, தள்ளித்தான் ஆக வேண்டும். பாலமதி மலைச்சாலை மாதிரி செங்குத்தாக ஏறும் இடம் வேண்டாம்; அது மலையேற்றம் ஆகிவிடும். அடிவாரத்துச் சின்னச் சரிவே போதும். மேடு கிடைக்காவிட்டால் பழைய பைக் டயரில் கயிறு கட்டி இடுப்பில் மாட்டி இழுங்கள். ஓட்டத்தின் தோற்றமே மாறிப்போகும் அளவுக்குக் கனம் ஏற்றக் கூடாது.

ஒரு வாரம் எப்படி இருக்கும்

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்தான் முழு வேகம், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. ஒருநாள் முடுக்கத்துக்கு: 10 மீட்டர் மூன்று முறை, 20 மீட்டர் மூன்று முறை, 30 மீட்டர் இரண்டு முறை, நடுவே முழு ஓய்வு. கூட்டிப் பார்த்தால் 150 மீட்டர். பத்து ரவுண்டு ஓடியவனுக்கு இது கேலியாகத் தெரியும்.

இன்னொரு நாள் உச்ச வேகத்துக்கு. இதற்குப் பறக்கும் ஓட்டம் என்று பெயர். 25, 30 மீட்டர் படிப்படியாக வேகம் கூட்டி வந்து, குறித்துவைத்த 10 அல்லது 20 மீட்டரை மட்டும் முழு வேகத்தில் கடந்து, பிறகு தானாக ஓய்ந்து நிற்பது. மூன்று, நான்கு முறை போதும். வேகம் குறைகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். தாக்குப்பிடிப்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 120, 150 மீட்டர் இரண்டு ஓட்டம் ஓடலாம், தொடக்கக்காரருக்கு அதற்கு மேல் அவசரமில்லை.

பலத்துக்கு வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுந்திருத்தல், ஒற்றைக்காலில் திண்ணை ஏறி இறங்குதல், நின்ற இடத்திலிருந்து நீளத் தாண்டுதல். போலீஸ் தேர்வுக்குப் போகிறவர் நீண்ட ஓட்டமும் ஓடித்தான் ஆக வேண்டும், சரி, ஆனால் அதை வேறு நாளில் வைத்துக்கொள்ளட்டும். ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் வேக ஓட்டம் முதலில், ரவுண்டு பிறகு.

"ஸ்பீடு பிறவிலயே வரணும்" என்பதில் உண்மை இருக்கிறது. தசையின் தன்மையில் கணிசமான பங்கு பெற்றோர் கொடுத்தது. ஆனால் அந்த எல்லை வரை போய் முட்டி நின்ற ஆளை நான் நம் மைதானத்தில் பார்த்ததில்லை.

பின்தொடை

பின்தொடைப் பிடிப்புதான் ஓட்டக்காரர்களின் வழக்கமான சாபம். கால் முன்னால் வீசி வரும்போது, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முழங்காலுக்குக் கீழே உள்ள காலை இழுத்து நிறுத்துவது பின்தொடைத் தசைதான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் "சுருக்" என்று பிடிக்கும்.

குளிர்ந்த உடம்போடு முழு வேகம் வேண்டாம். மெதுவாக ஓடி, காலை முன்னும் பின்னும் வீசி, முழங்காலைத் தூக்கிக் குதித்து, பிறகு அரை வேகத்தில், முக்கால் வேகத்தில் இரண்டிரண்டு ஓட்டம். ஓடுவதற்கு முன் நின்ற நிலையில் நீண்ட நேரம் தசையை இழுத்துப் பிடிப்பது பலத்தைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும். அதை முடித்தபின் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒரு பயிற்சி: மண்டியிட்டு நில்லுங்கள், நண்பர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இடுப்பை மடிக்காமல் உடம்பை முன்னால் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இறக்கிக் கையில் விழுங்கள். முதல்நாள் ஐந்து முறைக்கு மேல் வேண்டாம், மறுநாள் மாடிப்படி இறங்கும்போது என்னைத் திட்டுவீர்கள். பின்தொடைக் காயங்களை இது கணிசமாகக் குறைக்கிறது என்று கால்பந்து வீரர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அளந்து பார்ப்பது

100 மீட்டர் டைமை மட்டும் பார்த்தால் எது முன்னேறியது என்று தெரியாது. நின்ற இடத்திலிருந்து 30 மீட்டர், பறக்கும் ஓட்டத்தில் 20 மீட்டர், இரண்டையும் தனித்தனியாக நோட்டில் எழுதுங்கள். முதலாவது முடுக்கத்தைச் சொல்லும், இரண்டாவது உச்ச வேகத்தை.

கைபேசியின் ஸ்லோமோஷன் இன்னும் நல்ல கருவி. வினாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியைத் தரையோடு தரையாக ஒரு செங்கலில் சாய்த்துவைத்துப் பையனை ஓடவிட்டேன். பாதம் மண்ணைத் தொட்ட படத்திலிருந்து விட்ட படம் வரை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினோம். 36 படம், அதாவது 0.15 வினாடி. குதிகால் மண்ணில் உட்காருவதும் முழங்கால் இறங்குவதும் அப்பட்டமாகத் தெரிந்தது. அவன் கைபேசியைப் பிடுங்கி நாலு தடவை பார்த்தான். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் எண்ணியபோது 31.

ஸ்டாப்வாட்ச்சை நம்பும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. கையால் அழுத்துபவர் சத்தம் கேட்டபின் தாமதமாகத் தொடங்குவார். முடிவில் ஆள் கோட்டை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டே சரியான நேரத்தில் நிறுத்துவார். அதனால் கை டைம் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100 மீட்டரில் 0.24 வினாடி கூட்டிக்கொள்வது வழக்கம். பையன் போன வாரம் நண்பன் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து ஓடிவிட்டு, 12.9 என்று துள்ளிக்கொண்டு வந்தான். நான் நோட்டில் 13.14 என்று எழுதினேன். அதிலிருந்து நோட்டை அவனே வைத்துக்கொள்கிறான்.